மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். டாக்டருக்குப் படித்தவள், பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு வந்து பரோட்டா சாப்பிட்டவள். அதனால் இப்போது சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு, குளிரில் கிடந்து இந்தப் பெண்ணுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை, நானே கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இன்னொன்று, இது இருட்டில் நடந்த கதை இல்லை. பட்டப்பகலில், உச்சி வெயிலில், தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் நடந்தது.

எங்கள் ஊர் கண்டரமாணிக்கம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன், அம்மாவுக்கு அங்கன்வாடியில் சமையல் வேலை, நான் ஒரே பெண். பிளஸ் டூ முடித்ததும் காரைக்குடியில் பி.எஸ்ஸி. சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன் என்றுதான் சொன்னேன். யார் கேட்டார்கள்? நீட் மதிப்பெண் போதவில்லை என்றதும் அப்பாவுக்கு எங்கிருந்தோ ஒரு ஏஜென்ட் கிடைத்தார், உக்ரைனில் இடம் இருக்கிறது, ஆறு வருஷத்தில் பெண் டாக்டராக வந்து இறங்குவாள் என்றார், அப்பா அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அம்மா மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள். நான் கிளம்பிய அன்று பிள்ளையார்பட்டி வரைக்கும்தான் அவளால் காரில் வர முடிந்தது. சாமி கும்பிட இறங்கியவள் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள், எங்களால் எழுப்ப முடியவில்லை, விமானத்துக்கு நேரமாகிறது என்று அப்பா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அங்கே போய் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு, ரொட்டி தின்னப் பழகி, கொஞ்சம் மூச்சு விடும்போது போர் வந்தது. நிலவறையில் கிடந்ததும் பனியில் எல்லைக்கு நடந்ததும் டிவியில் பார்த்திருப்பீர்கள், அதை விடுங்கள். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். வீட்டு வாசலில் போய் நிற்பேன், அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு கதறுவாள், நானும் ஒருமூச்சு அழுது தீர்ப்பேன்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். “வந்துட்டியா? கை கால் கழுவிட்டு வா” என்றாள். டியூஷன் போய்விட்டு வந்தவளிடம் சொல்வது மாதிரி. அவ்வளவுதான்.

அதிர்ச்சியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, பக்கத்துத் தெருவில் தைக்கிற பாக்கியம் அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு ஊதா நிறச் சுடிதாரைக் கையில் கொடுத்தாள்.

“தச்சு வச்சு எம்புட்டு நாளாச்சு, வாங்க வரவே இல்ல. ஏத்தா, ஏன் இப்படி எளைச்சுப் போன?”

நான் அளவு கொடுக்கவே இல்லையே என்றேன்.

“நல்லா இருக்கே கதை! தைப்பூசத்துக்கு முந்தி ஒங்கம்மாவும் நீயுந்தான வந்தீக? நாந்தான அளவு எடுத்தேன்? நீ ஒரு வார்த்தை பேசல. வெளிநாட்டுப் படிப்புன்னா அம்புட்டு மப்பான்னு எனக்குக் கோவங்கூட வந்துச்சு.”

தைப்பூசத்துக்கு முந்தி நான் உக்ரைனில் உடற்கூறியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வேறு யாரையோ நினைத்துக் குழப்பிக்கொள்கிறாள், அம்மா என் பழைய சுடிதாரை அளவுக்குக் கொடுத்திருப்பாள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் வந்து போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று தொங்கியது. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மாதக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஓடியது. பிறகு அதுவும் செல்லாது, வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறியாக வேண்டும் என்றார்கள். அதே ஏஜென்ட் ஜார்ஜியா என்றார், அப்பா சரி என்றார். நான் ஏதோ ஒரு பெட்டி, இந்த லாரியிலிருந்து இறக்கி அந்த லாரியில் ஏற்றிவிட்டால் போதும். அதற்குச் சான்றிதழ் நகலில் நோட்டரி கையெழுத்து வாங்க ஒருநாள் காரைக்குடிக்குப் போனேன். வக்கீல் ஆபீஸ் பூட்டியிருந்தது, சாயங்காலம் வருவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனவள் மத்தியானமே ஊருக்குத் திரும்பிவிட்டேன். அன்று அங்கன்வாடி லீவு. பஸ் ஸ்டாப்பிலிருந்து கொல்லைப்பக்கம் வந்தால் சுருக்கு வழி, அப்படியே வந்தேன்.

அடுப்படி ஜன்னல் வழியாக அம்மாவின் பேச்சு கேட்டது. யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அங்கன்வாடி டீச்சர் வாங்கிய புதுப் புடவை, எதிர் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று என்னென்னவோ. அத்தனை வருஷமும் அவள் போனில் என்னிடம் பேசியதெல்லாம் சாப்பிட்டியா, படிச்சியா, குளிருதா, மூன்றே கேள்விதான். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, நம்பினால் நம்புங்கள், பொறாமைதான் வந்தது.

கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை பரிமாறிக்கொண்டிருந்தாள். எதிரில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். எண்ணெய் தடவிப் பின்னிய நீளச் சடை, அதில் கனகாம்பரம். என் முடியை ஹாஸ்டலில் கழுத்தோடு வெட்டிவிட்டார்கள், அதற்கு முன்னால் எனக்கு இருந்த சடை அது. அந்த ஊதாச் சுடிதாரைப் போட்டிருந்தாள். அவளுக்கு அது கச்சிதமாக இருந்தது.

“அம்மா!” என்று கத்தினேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பவில்லை, சாப்பிடுகிற கையும் நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினேன். வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது, எதிரே ஒருத்தரும் வரவில்லை. உள்ளே அம்மா மட்டும் இருந்தாள். இரண்டு தட்டு இருந்தது. ஒன்றில் பாதிச் சோறு, விரலால் வழித்த தடம் அதில் அப்படியே இருந்தது.

“யாரும்மா அது?”

“கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது.”

“யாருன்னு கேக்குறேன்ல?”

அம்மா அந்தத் தட்டை எடுத்தாள். “நீ போன மறுநா மத்தியானம் வந்துச்சு. நான் அழுதுக்கிட்டுக் கெடந்தேன். பக்கத்துல வந்து உக்காந்துச்சு, சோறு போட்டேன், தின்னுச்சு. அம்புட்டுத்தான். யாருக்கு என்ன கெடுதல்?”

“பேய்க்குச் சோறு போட்டுக்கிட்டு இருக்கியா?”

“என்ன பேயி? எம்புள்ள அது.”

“அப்ப நான் யாரு?”

அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

நான் போய் அலமாரியைத் திறந்தேன். சுடிதார் நான் மடித்து வைத்த மாதிரியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அக்குளில் வேர்வை ஈரம் காயாமல் இருந்தது. டாக்டருக்குப் படித்தவள் சொல்கிறேன், அது மனுஷ வேர்வை வாடைதான்.

மறுநாள் அப்பா பைக்கில் என்னைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போனார். நடுவழியில் நிறுத்தச் சொல்லி அவளைப் பற்றிக் கேட்டேன். கேலி செய்வார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார்.

“எனக்கு எப்பவும் முதுகு மட்டுந்தான் தெரியும் ஆத்தா. நானும் முன்னால போய்ப் பாக்கணும்னு நெனைச்சதில்ல.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீகளா?”

“ஒங்கம்மா தூக்க மாத்திரையக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்ததை நான் பாத்திருக்கேன். அது வந்தப்பறம் அழுகைய நிப்பாட்டிட்டா. சாப்பிடுறா, சிரிக்கிறா. நான் என்னத்தா செய்ய?”

என்னை அனுப்பாமல் இருந்திருக்கலாம். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாமல் இருக்காது.

அன்று வீட்டுக்கு வந்ததும், நான் ஜார்ஜியாவுக்குப் போகவில்லை, அம்மாவோடு இருக்கிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். படிப்பே வேண்டாம், ஜவுளிக்கடையில் வேலைக்குப் போகிறேன் என்றேன். அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா பேசினாள், அதுவும் என்னைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

“அவ போகட்டுங்க. நான் இங்க ஒண்டியா இல்ல.”

போனேன். வேறென்ன செய்வது? மறுபடி ஒரு மொழி, மறுபடி ஒரு ஹாஸ்டல், முதல் நாட்டில் படித்த பாதிப் பாடத்தை ஒத்துக்கொள்ளாமல் திரும்பப் படிக்க வைத்தார்கள். ஊரில் மத்தியானமாக இருக்கும்போது நான் வேண்டுமென்றே போன் செய்வேன். “சோறு ஆறிப் போகுது, அப்பறம் பேசு” என்று அம்மா வைத்துவிடுவாள். ஒருநாள் அவள் போனைச் சரியாக அணைக்கவில்லை. “அவதான், நீ சாப்பிடு” என்று அவள் யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. நான்தான் அந்த ‘அவ’. அதற்கப்புறம் நான் மத்தியானத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே வைத்தியம் பார்க்க எழுத வேண்டிய பரீட்சையில் இன்னும் தேறவில்லை, ஊரில் என்னை யாரும் டாக்டர் என்று கூப்பிடுவதும் இல்லை. நான் வந்ததிலிருந்து மற்றது வரவில்லை, வந்தாலும் என் கண்ணில் படவில்லை. அம்மாவுக்கு ஞாபகக் கோளாறோ என்று நானே சோதித்துப் பார்த்தேன், மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடமும் காட்டினேன். ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் பிறந்தநாள், நட்சத்திரம், சின்ன வயசில் நான் விழுந்து உடைத்துக்கொண்ட பல் வரைக்கும் சரியாகச் சொல்கிறாள். அங்கன்வாடி வேலைக்கும் ஒழுங்காகப் போய் வருகிறாள்.

ஆனால் நான் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் என்னை ‘நீ’ என்று சொல்வதில்லை, ‘நீங்க’ என்றுதான். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள், அசலூரிலிருந்து வந்தவர்களிடம்தான் பேசுவார்கள். நேற்று மத்தியானமும் எனக்கும் அப்பாவுக்கும் சோறு போட்டாள். “கூச்சப்படாம சாப்பிடுங்க, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கிறீகளா?” என்றாள். போதும்மா என்றேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, முகத்தில் ஒரு கோபமும் இல்லாமல், நல்ல மரியாதையாக என்னிடம் கேட்டாள்.

“எப்பக் கெளம்புறீக?”