மட்டக்களப்பு வாவிக்கு ஒரு ஜங்கி

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின், மட்டக்களப்பு ரயில் கொழும்புக் கோட்டை நிலையத்தை விட்டுக் கிளம்பியது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் என் தொழிலைக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். "திருப்பூரில் ஆண்கள் ஜட்டிக்கு அளவும் வெட்டும் போடுகிறேன்." பெட்டியில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடமாக இதே பதிலைச் சொல்லி வருகிறேன், சிரிக்காமல் கேட்டவர் ஒருவரும் இல்லை. சிரிக்கிற ஆண்கள் எல்லாரும் அந்த நேரத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் சிரிக்கிறார்கள் என்பது என் சொந்த ஆறுதல்.

பெரியவர் வாழைச்சேனைக்குப் பக்கத்தில் கிரான் என்ற ஊரில் வயல் செய்கிறவர். சிரித்து முடித்துவிட்டு, "நாங்க ஜங்கி எண்டுதான் சொல்ற. ஆனா வட்டைக்குள்ள இறங்கினா அதெல்லாம் சரிவராது தம்பி. சேறு அப்பினா ஜங்கி இரும்பு மாதிரிக் கனக்கும். கச்சை கட்டினாத்தான் சுகம்" என்றார். வட்டை என்று அவர் சொன்னது வயல்வெளியை.

கச்சை என்றால் கோவணம். அதைச் சொன்னால் என் வாய் நிற்காது. உலகத்தின் முதல் உள்ளாடைகளில் ஒன்று அது. எந்த இடுப்புக்கும் பொருந்தும், தையல் கிடையாது, கால்மணி நேரத்தில் காயும். மேல்நாட்டார் அந்தக் காலத்தில் முழங்கால்வரை லினன் கால்சட்டையை நாடா போட்டுக் கட்டித் திரிந்தார்கள். பிறகு கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியில் தைத்து, பின்பக்கம் பொத்தான் வைத்த ஒரு சின்னக் கதவும் வைத்தார்கள். குத்துச்சண்டைக்காரர்களின் ரப்பர் இடுப்புக் கால்சட்டையைப் பார்த்துத் தொளதொள அரைக்கால் உள்ளாடை வந்தது. பிரெஞ்சுக் கடற்கரை நீச்சலுடை ஒன்றின் படத்தைப் பார்த்து ஒரு அமெரிக்கர் இன்றைய ஜட்டியை யோசித்தார். சிகாகோவில் அது விற்பனைக்கு வந்த நாளில் பனிப்புயல். தொடை தெரிகிற சாமானை அந்தக் குளிரில் யார் வாங்குவார் என்று கடைக்காரர்கள் கையைப் பிசைய, மத்தியானத்துக்குள் நூற்றுக்கணக்கில் தீர்ந்துபோனதாம். உலக யுத்தத்தில் ரப்பரெல்லாம் டயருக்குப் போனபோது நாடாவும் பொத்தானும் திரும்பி வந்தன. ஒரு சாண் துணிக்குள் மனிதன் இவ்வளவு யோசித்திருக்கிறான் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். வாழைச்சேனையில் இறங்கும்போது, "நல்ல கதை. ஆனா வீட்ட போய்ப் பொஞ்சாதிட்டச் சொல்ல ஏலாதே" என்று வருத்தப்பட்டார்.

நான் போனது சுற்றிப் பார்க்க அல்ல. மூன்று மாதத்துக்கு முன் கொழும்பில் நடந்த ஆயத்த ஆடைக் கண்காட்சியில், எங்கள் கடைக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு பெண் வந்து நின்றார். "உப்புத்தண்ணியில ஆறு மாசம் நிக்கிற இலாஸ்டிக் இரிக்கா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "அப்ப நாடாதான்" என்று தனக்குள்ளேயே சொல்லிவிட்டு நகரப் பார்த்தார். நிறுத்தி விசாரித்தேன். பெயர் ஜெஸீலா, காத்தான்குடி. கடல்நீர் புகும் மட்டக்களப்பு வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்களுக்காக ஜங்கி தைக்கிறாராம். எனக்குத் தெரிந்த உலகத்தில் ஓட்டக்காரர்களுக்கு, சைக்கிள்காரர்களுக்கு, மலையேறுகிறவர்களுக்கு எல்லாம் தனித்தனி மாதிரி உண்டு. வீச்சுவலைக்காரருக்கு என்று ஒன்றை யாரும் யோசித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் தையல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இந்தமுறை கொழும்பில் வேலை சீக்கிரம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டேன்.

பிற்பகல் மூன்றரைக்கு மட்டக்களப்பு. ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர் உட்கார்ந்து வந்ததில், என்னுடைய சொந்தத் தயாரிப்பின் தொடைத் தையல் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. ஆட்டோக்காரர் ரிஸ்வான் கல்லடிப் பாலத்தைத் தாண்டி ஒரு விடுதியில் விட்டார், நானூறு ரூபாய். வழியில், "மீன் பாடுறதக் கேக்க வந்தயளா சேர்?" என்றார். நிலா இரவில் அந்த வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு. ஜங்கி பார்க்க வந்தேன் என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதே ரிஸ்வான் காத்தான்குடிக்கு அழைத்துப்போனார். பிரதான வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்கள். ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் நெருக்கியடித்துக் கடைகளும் வீடுகளும். ஜெஸீலாவின் வீட்டு முன்னறையில் இரண்டு மின் தையல் இயந்திரங்கள், வெட்டு மேசை, கறுப்புத் துணிச் சுருள்கள். அவருடைய உம்மா வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணன், இரிங்க. இதப் பாருங்க" என்று ஒன்றைக் கையில் தந்தார் ஜெஸீலா.

முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், தொழில் பழக்கம். இரு தொடைக்கும் நடுவே தையலே இல்லை. அந்த இடத்தில் வைர வடிவத்தில் ஒரே துண்டு, ஓரங்களெல்லாம் மடித்துத் தட்டையாகத் தைத்தது. உப்புத்தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கிறவரை உராய்ந்து புண்ணாக்க அங்கே எதுவும் இல்லை. பின்னல் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும் என்பதால் மெல்லிய நெசவுத் துணி. இடுப்பில் நாடா, ஆனால் முடிச்சு முன்னால் இல்லை, வலப்பக்கம் பின்னால் தள்ளி இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"முன்னால முடிச்சி இருந்தா வலை சிக்குமே. அவங்க வலைய இடுப்போட அணைச்சித்தானே வீசுற."

பதிலுக்கு என் பையிலிருந்து எங்கள் ஊர்ப் பட்டாபட்டியை எடுத்துக் கொடுத்தேன். கோடு போட்ட முழங்கால் கால்சட்டை, தொங்கும் நாடா, பக்கத்தில் பை. விரித்துப் பார்த்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அல்லாவே, பொக்கட் வேறயா! இதுக்குள்ள என்னத்த வைக்கிற?" பீடி, தீப்பெட்டி, சில்லறை என்றேன். வாசலில் உம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்.

இந்த மாதிரி வருவதற்குள் அவர் பட்ட பாட்டைக் கேட்கவேண்டும். காத்தான்குடியில் ஒரு பெண், அதுவும் கணவனை இழந்தவர், அந்நிய ஆணின் இடுப்பில் அளவுநாடா வைக்க முடியாது. "அதான் பொஞ்சாதிமாருக்கிட்டக் கயிறு குடுத்தனுப்பின. இடுப்புக்கு ஒரு முடிச்சி, தொடைக்கி ஒரு முடிச்சி போட்டுத் தரச் சொல்லி." வாவிக்கரைப் பெண்கள் ஒழுங்காக அளந்து அனுப்பினார்கள். ஆனால் எல்லாரும் கட்டியிருந்த சாரனுக்கு, நம் ஊர் லுங்கிக்கு, மேலேயே அளந்துவிட்டார்கள். மீன்காரர் இடுப்பில் சாரன் எத்தனை சுற்று உருட்டிச் செருகியிருக்கும்! முதல் தொகுதி தண்ணீரில் இறங்கியதுமே கழன்று, ஒன்று அக்கரைக்கே மிதந்துபோய்விட்டது. அடுத்தமுறை சாரன் இல்லாமல் அளக்கச் சொன்னார். கூச்சப்பட்ட பெண்கள் கணவர் தூங்கும்போது அளந்தார்கள். மல்லாந்து படுத்தால் வயிறு உள்ளே போய்விடும் அல்லவா? இரண்டாவது தொகுதியைப் போட்டவர்களுக்கு மூச்சு முட்டியது. மூன்றாவது தடவை, தண்ணீரிலிருந்து வந்து ஈரச் சாரனை மாற்றும் அந்த நிமிடத்தில் அளக்கச் சொன்னார். அந்த அளவில் தைத்ததுதான் என் கையில் இருந்தது.

அதுவரை சிரித்துப் பேசியவர், தேநீர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஜெஸீலா முன்பு ஜோர்தானில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் ஆண்கள் உள்ளாடை தைத்தவர். அந்த வேலைக்கு மறுபடியும் அழைப்பு வந்திருந்தது. ஏஜென்சிக்காரருக்கு நாளைக்குள் பதில் சொல்லவேண்டும். வாவிக்கரை மீனவர் சங்கத்தில் ஏழுபேர் இரண்டு வாரமாக இந்த மூன்றாவது மாதிரியைப் போட்டுப் பார்க்கிறார்கள். பிடித்திருந்தால் சங்கம் எல்லா உறுப்பினருக்கும் எடுக்கும். இல்லையென்றால் விமானம் ஏறவேண்டியதுதான். சங்கம் கூடுவது அன்று மாலை.

"போன முறை போகக்குள்ள மகளுக்கு மூணு வயசு. கிறுகி வரக்குள்ள என்ன மாமி எண்டு கூப்பிட்டாள், அண்ணன்." உள்ளறைப் பக்கம் பார்த்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். "இப்ப ரெண்டு நாளா, நான் பின்வளவுக்குப் போனாலும் பின்னால வாறாள்."

தையலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதை மட்டும் சொன்னேன். ஆனால் தையல் நன்றாக இருந்து விலைபோகாத மாதிரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

மாலை நான்கு மணி. கல்லடியை அடுத்த வாவிக்கரையில், சங்கத் தலைவர் சவரிமுத்துவின் வீட்டு வளவுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் கூட்டம். பத்து முப்பது ஆண்கள், கரையில் கவிழ்த்த தோணிகள், காயும் வலைகள். ஜெஸீலா வேலிக்கு உள்ளே சவரிமுத்துவின் மனைவி ரீற்றாவுடன் நின்றார். நெஞ்சளவு உயரத்துக்குத் தென்னோலை முடைந்த அந்தக் கிடுகு வேலிக்கும் வேப்பமரத்துக்கும் பத்தடி தூரம். பேசுவதெல்லாம் கேட்கும். ஆனால் ஒரு பெண்ணின் காதுபட ஜங்கியைப் பற்றி அந்த ஆண்கள் எப்படிப் பேசுவார்கள்? வலை வாங்குவது, இறால் விலை, இயந்திரத் தோணிக்காரரோடு தகராறு என்று அரைமணி நேரம் சுற்றினார்கள். வேலிக்குள் அவர் முக்காட்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருப்பது தெரிந்தது.

பொறுக்கமுடியாமல் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன். "எப்படி இருக்கிறது?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல" என்றார். இன்னொருவரும் "பரவால்ல" என்றார். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லை வைத்து ஒரு பொத்தான்கூட வாங்கமுடியாது.

கடைசியில் சவரிமுத்து எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோளெல்லாம் வலை வீசி முறுக்கேறியவர். வேலிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கும் குரலில் பேசினார்.

"சேர், அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லுங்க. சங்கம் எல்லாருக்கும் எடுக்கிறதாம் எண்டு. ஆளுக்கு ரெண்டு."

அந்தப் பிள்ளை பத்தடியில் நின்றார். நான் திரும்பி, கேட்டுக்கொண்டிருந்தவரிடமே கடமையாக அதைச் சொன்னேன். "ஆளுக்கு இரண்டு, அம்மா." கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, அது அங்கே முறையான ஏற்பாடு.

"இன்னொண்டும் சொல்லுங்க" என்றார் சவரிமுத்து, இப்போது கொஞ்சம் தயங்கி. "எனக்கு வெள்ளையில ஒண்டு வேணும். ஞாயிற்றுக்கிழம கோயிலுக்குப் போட."

வேலிக்குள்ளிருந்து ரீற்றா பொறுக்கவில்லை. "சாரனுக்குள்ள வெள்ளையா கறுப்பா எண்டு கோயில்ல ஆரு பாக்கப்போறா?"

"ஆண்டவர் பாப்பார்தானே" என்றார் சவரிமுத்து.

அப்போது வெடித்தது சிரிப்பு. "எனக்கும் வெள்ள!" "எனக்கும்!" என்று கைகள் உயர்ந்தன. ரீற்றா, "இந்த மனிசன் சாரன மாத்தினாலும் ஜங்கிய மாத்துறாரில்ல கிளி. துவைக்கத் தா எண்டா கழட்டித் தாறாரில்ல" என்று ஜெஸீலாவின் கையைப் பிடித்து உலுக்கினார். ஜெஸீலா சிரித்துக்கொண்டே வேலிக் கிடுகில் முகத்தைப் புதைத்தார். தோள்கள் குலுங்கின. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கியது. ஒரு ஜட்டிக்காக நான் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை.

ஐந்தே முக்காலுக்கு ரிஸ்வானின் ஆட்டோவில் கிளம்பினோம். ஜெஸீலாவைக் காத்தான்குடியில் விட்டு, நான் இரவு ரயிலுக்குப் போகவேண்டும். வழியிலேயே அவர் ஏஜென்சிக்காரரை அழைத்தார். "என்ட பேர வெட்டி உடுங்க. ஓம். எனக்கு இஞ்ச வேல இரிக்கி." அடுத்து உம்மாவை அழைத்தார். "உம்மா, மகளுக்கிட்டச் சொல்லுங்க..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "இல்ல, வேணாம். நானே வந்து சொல்றன்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கக் கட்டிடங்களின் நடுவே கடற்காற்று, வலப்பக்கம் வெயில் சாய்ந்த வாவி. எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு நாங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கி லாரியில் ஏற்றுகிறோம். அது எந்த நாட்டில் யார் இடுப்பில் போய் உட்காருகிறது என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது, கோயிலுக்கும் ஒன்று கொடு என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லி அனுப்பியதில்லை. ஜெஸீலாவைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அவர் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கை முனையில் ஆட்டோ நின்றது. இறங்கி நடந்தவர் நாலடி போனதும் ஓடத் தொடங்கினார். என்னிடம் விடைபெற மறந்துவிட்டார்.

"கோவிக்காதீங்க சேர்" என்றார் ரிஸ்வான்.

எனக்கு ஏன் கோபம் வரப்போகிறது? ஒழுங்கையின் உள்ளே கதவு திறந்தது. "உம்மா போறல்ல மகள், உம்மா எங்கயும் போறல்ல!" என்று அவர் குரல் கேட்டது. அதற்குமேல் ஒரு சின்னப் பிள்ளையின் கூச்சல் ஒழுங்கை முழுக்க எழும்பியது.

"ரயிலுக்கு நேரம் போகுது சேர்" என்றார் ரிஸ்வான்.

"இன்னும் கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.