தலை போன மயில்

யாரும் நம்பப் போவதில்லை. ஆனாலும் சத்தியம் செய்துவிட்டே சொல்கிறேன்.

இன்று எங்கள் கல்யாண நாள். தாம்பரத்தையே சல்லடை போட்டுச் சலித்து, கையால் செய்த காகிதத்தில் ஒரு வாழ்த்து அட்டை கண்டெடுத்தேன். நடுவில் ஒரு பச்சை மயில்.

"மெஷின் எம்பிராய்டரி சார்," என்றார் கடைக்காரப் பெண்.

"பேப்பர்ல மெஷின் ஓட்டினா கிழிஞ்சிராதா? என்கிட்டயேவாம்மா கதை? இது பிரிண்ட்!" என்று மயிலின் கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்த இழையைப் பிடித்தேன்.

"ஐயோ, நூலை இழுக்காதீங்க சார்!"

இழுத்தேன். ஊசி போன வழியெல்லாம் டர்ரென்று கிழிந்தது. ஜிஎஸ்டி ரோடு கிடுகிடுத்தது. வண்டலூர் சிங்கம் பயந்து கூண்டுக்குள் ஓடியது.

"இப்ப நம்புறீங்களா சார்? பில் போட்டுடவா?"

சரி, சிங்கத்தை விட்டுவிடுங்கள். மயிலின் தலை என் சட்டைப் பையில் இருப்பது மட்டும் நிஜம். மனைவி ஆபீஸிலிருந்து வருவதற்குள் எந்தக் கோந்து பிடிக்கும், சொல்லுங்கள்.