தாசில்தார் மை

விராலிமலையைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சட்டைப்பையில் பேனா, கையில் துணி அடைத்த மருந்துக் குப்பி நிறையப் பச்சை மை, முதுகில் புளிய விளார் இழுத்த நாலு கோடு. என் மூட்டை அவ்வளவுதான். இலுப்பூர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். ஏன் இலுப்பூர் என்றால், அந்தப் பக்கம்தான் சாலையோரம் புளியமரங்கள் நெருக்கமாக இருந்தன. எனக்குப் பதினொரு வயது. பிற்பாடு எத்தனையோ ஊர்களை விட்டும் வேலைகளை விட்டும் நடந்திருக்கிறேன். திரும்பிப் பார்க்காமல் நடப்பது பழகிவிட்டது. அன்றைக்குப் பழகவில்லை. யாராவது கூப்பிட வருகிறார்களா என்று பர்லாங்குக்கு ஒரு தடவை திரும்பினேன். வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதுகு எரிந்தது. ஆனால் அடி வாங்கியதற்காக வீட்டை விட்டுப் போவதென்றால் நான் ஆறு வயதிலேயே போயிருக்க வேண்டும். ஆத்தா ஒரு பொய் சொல்லிவிட்டாள். அதுதான் பொறுக்கவில்லை.

பேனாவைக் கொடுத்தது மாமா, ஆத்தாவின் தம்பி. திருச்சியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்குச் சிட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஆவூர்க் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தார். மாம்பழ நிறத்தில் உடம்பு, பித்தளைக் கிளிப்பு, தடித்த நிப்பு. கூடவே ஒரு பொட்டலத்தில் நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நாலு மைக்கட்டிகள்.

"எந்த மை இதுக்குச் சேருதுன்னு நீயே பாத்துக்க மாப்ள. பேனாவும் மையும் புருசன் பொண்டாட்டி மாதிரி. சேரலைன்னா ஒண்ணு கக்கும், இல்லாட்டிப் பேசாது" என்றார்.

"கல்யாணம் ஆகாதவன் சொல்றான், கேட்டுக்க" என்றாள் ஆத்தா.

கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று ஒதுக்கிய குப்பிகள் நாலை வாங்கிவந்து, கட்டிகளைத் தனித்தனியாகக் கரைத்தேன். முதலில் நீலம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அதில்தான் எழுதினார்கள். என் பேனாவில் அது நிற்கவே இல்லை. தாளின் இந்தப் பக்கம் 'அ' எழுதினால் அந்தப் பக்கமும் 'அ' வந்தது. சட்டைப்பைக்குள் கக்கி, உள்ளே என் நெஞ்சுவரைக்கும் நீலமாக்கியது. கறுப்போ நிப்புக்குக் கீழே இருக்கும் நாக்கில் போய் அடைத்துக்கொண்டது. உதறினால் எதிரே இருப்பவர் மேல் விழுமே தவிர, தாளில் இறங்காது. சிவப்பு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அது வாத்தியார் தப்புப் போடும் நிறம். நான் போட்ட கணக்கெல்லாம் போடும்போதே தப்பாகத் தெரிந்தது.

கடைசியாகப் பச்சை. நிப்பு தாளைத் தொட்டதும் இறங்கியது, தூக்கியதும் நின்றது. எழுதும்போது வெளிறித் தெரிந்து, காயக் காய நாற்றங்கால் நிறத்துக்கு வந்தது. என் பேரையே இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு சொட்டுகூடக் கக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பேனாவுக்கு அந்த மைதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாத்தியார் வேறு முடிவு வைத்திருந்தார். என் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"யாருடா நீ, தாசில்தாரா? செவப்பு எனக்கு. பச்சை பெரிய ஆபீசருக்கு. ஒனக்கு நீலம். போய்ப் பேனாவக் கழுவிட்டு வா."

அப்புறம் ஒரு வாரத்துக்கு நான் வகுப்புக்குள் நுழைந்தாலே, "தாசில்தார் வாராருடா, எந்திரிங்கடா" என்று பையன்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கக்குகிற நீலம், வீட்டுக்கு வந்தால் பச்சை என்று வைத்துக்கொண்டேன்.

அப்பா அப்போது மெட்ராசில் மரம் விற்கும் ஒரு மரவாடியில் காவலுக்கு இருந்தார். போய் மூன்று வருடம். ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, ஆத்தாவுக்கும் தெரியாது. இங்கே ஆத்தா சொல்ல நான் எழுதுவேன். அங்கே மரவாடிக் கணக்கர் படித்துக் காட்டி, அப்பா சொல்வதைத் திருப்பி எழுதிப் போடுவார். ஆத்தாவின் கடிதங்கள் எல்லாம், 'ஒரு தரம் வந்து போகவும்' என்று முடியும். அப்பாவின் கடிதங்கள், 'வேலை அதிகம், ஈஸ்டருக்கு வருகிறேன்' என்று முடியும். ஈஸ்டர் வந்து போகும். அடுத்த கடிதத்தில் ஈஸ்டர் இருந்த இடத்தில் கிறிஸ்துமஸ் இருக்கும். ஊர்ப் பெண்கள் கிணற்றடியில், "மெட்ராசு என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். ஆத்தா தண்ணீரை வேகமாக இறைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"கடுதாசி எழுதணும் அப்பு. கார்டு வேணாம், கவர் வாங்கியாந்துருக்கேன்."

"எந்த மையில எழுதட்டும்?"

"எதுல எழுதுனா என்ன? எல்லாம் மைதானே."

அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. நீலம் கக்கும், கறுப்பு பேசாது, பச்சைதான் இதற்குச் சேரும், ஆனால் வாத்தியார் அதில் எழுதக்கூடாது என்கிறார் என்று எல்லாவற்றையும் விளக்கினேன்.

"ஏன் எழுதக்கூடாதாம்?"

"அது தாசில்தார் மையாம்."

ஆத்தா குப்பியை வாங்கினாள். வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தாள். 

"நல்லாத்தான் இருக்கு. இதுலயே எழுது."

"கவர் மேலயுமா?"

"மேலயும் எழுது. நல்லாப் பெருசா எழுது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேனாவுக்கும் மைக்கும் உள்ள பொருத்தத்தை வாத்தியார் அறியவில்லை, ஆத்தா அறிந்துவிட்டாளே! அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இங்கு யாவரும் நலம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை. நீங்கள் படுக்கும் பக்கம் கூரை ஒழுகுகிறது, நாங்கள் இந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறோம். அப்புவுக்குப் புதுப் பேனா வந்திருக்கிறது.

"ஒரு தரம் வந்து போகவும், எழுதிரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றாள் ஆத்தா. "எடம் இருக்காது."

தாளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அதைக் காட்டினேன். "மடி, மடி. நாளைக்கு மொதத் தவால்லயே போயிரணும்" என்று கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

பத்தாம் நாள் அப்பா பஸ்சிலிருந்து இறங்கினார். தலையில் தகரப்பெட்டி. நான்தான் முதலில் பார்த்தேன். ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்தேன். என்னை யாரென்றுகூடப் பார்க்காமல், வீட்டுத் தெருவைத் தாண்டி நேராக, ஊர் நிலக்கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு நடந்தார்.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, மை தெரியும். மூன்று வருடத்துக்கு முன் குளத்தங்கரையில் அவர் உழுதுகொண்டிருந்த துண்டு நிலம் புறம்போக்கு என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அடியில் பச்சையில் ஒரு கையெழுத்து. அந்தத் துண்டு போயிற்று. அதன் பிறகுதான் அவர் மெட்ராசுக்குப் போனார். ஒரு கையெழுத்துக்கே ஒரு துண்டு போயிற்றென்றால், உறை, உள்தாள் எல்லாம் பச்சையாக வந்த கடிதத்துக்கு என்னவெல்லாம் போயிருக்கும்? மெட்ராஸ் தபால்காரர்கூட, "சர்க்கார் கடுதாசிங்க" என்று மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். வீடு போன செய்தியை மரவாடிக் கணக்கர் வாயால் கேட்க அப்பாவுக்கு வெட்கம். யாரிடமும் காட்டாமல் மடியில் முடிந்துகொண்டு ரயிலேறிவிட்டார்.

கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா கவரை நீட்டினார். 

"எவ்வளவு போச்சு? மறைக்காமச் சொல்லிப்புடுங்க."

கணக்குப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டீஸ் படிக்கும் குரலிலேயே முழுக்கப் படித்தார். ஆடு, குட்டி, நெற்றி வெள்ளை, கூரை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணும் போகலப்பா. ரெண்டு வந்துருக்கு."

அங்கே கிளம்பிய சிரிப்பு மாதா கோயில்வரை கேட்டிருக்கும். "ஆட்டுக்குட்டி பாக்க மெட்ராசுலேருந்து ஓடியாந்தியாக்கும்?" என்றார் ஒருவர். "நல்லவேளை, மாடு கன்னு போடல. ஏரோப்ளேன்ல வந்துருப்பாரு" என்றார் இன்னொருவர். நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் புளிய விளார் ஒடித்தார்.

"எவன்டா ஒன்னையப் பச்சையில எழுதச் சொன்னது?"

"ஆத்தாதான்!"

"அவளுக்கு மையப் பத்தி என்னடா தெரியும்? பொய் வேறயா?" அதற்கு இன்னொரு அடி.

ஆத்தா அடுப்படியிலிருந்து வந்தாள். திருவிழாச் சேலை கட்டியிருந்தாள். அப்பா கணக்குப்பிள்ளை வீட்டில் கேலிக்கு ஆளாகிக்கொண்டிருந்த நேரத்துக்குள் இங்கே கோழி அறுத்து, உரித்து, மிளகு அரைத்து முடித்திருந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நான் அழுகையை நிறுத்தினேன்.

"பச்சப்புள்ளங்க. தெரியாம எழுதிருச்சு. விடுங்க. கால் கழுவிட்டு வாங்க, கொழம்பு ஆறிப்போகுது."

தெரியாமல் எழுதினேனாம்! வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையிலிருந்த விளாரை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டு, அந்தக் கையில் செம்பைக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் அப்பா கூரைமேல் ஏறி, ஒழுகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்தா எனக்குக் கோழிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். ஈரல் முழுவதும் என் தட்டில் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். புத்தகப்பையை எடுத்தபோது குனிந்து என் காதருகே, "அந்தப் பச்சை மையச் சிந்தாம வச்சுக்க அப்பு, பத்திரமா" என்றாள். சொல்லும்போது சிரிப்பு வேறு. பொய்யும் சொல்லி, அடியும் வாங்க வைத்து, கேலியும் பண்ணுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைப் பள்ளிக்கூடத்து வேலியில் மாட்டிவிட்டு, பேனாவையும் குப்பியையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அப்பா இரண்டு நாள் லீவில் வந்தவர். கூரை முடிந்ததும் கிணறு, கிணறு முடிந்ததும் விதைப்பு என்று தள்ளிப்போய், மரவாடிக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள். சந்தைக்கு வந்த யாரோ சொல்லி, நான் இருக்கும் இடம் தெரிந்து இலுப்பூருக்கு ஒரு நாள் வந்தார். நான் சோறு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "சரி, இரு" என்று போய்விட்டார். அடுத்த வருடம் நான் ஊருக்குப் போனபோது மெட்ராஸ் என்ற பேச்சே வீட்டில் இல்லை. தூளியில் ஒரு தங்கச்சி கிடந்தது. ஆத்தா பெருத்திருந்தாள்.

இலுப்பூர் போய்ச் சேர்ந்த அன்று பொழுது சாய்ந்துவிட்டது. கடலை மண்டி ஒன்றின் வெளியே, வெற்றுச் சாக்குகளின் மேல் படுத்துத் தூங்கிப்போனேன். காலையில் மண்டிக்காரர் குடைக்காம்பால் குத்தி எழுப்பினார்.

"எந்த ஊருடா?"

"ஆவூர்ப் பக்கங்க."

"எழுதத் தெரியுமா?"

"தெரியுங்க. பேனாகூட வச்சிருக்கேங்க."

"பேனா என்னத்துக்கு? இங்கிட்டு வா."

மூன்று தகர டப்பாவையும் தென்னை மட்டையை நசுக்கிச் செய்த ஒரு பிரஷ்ஷையும் கொடுத்தார். திருச்சிக்குப் போகும் மூட்டையில் நீலம், புதுக்கோட்டைக்குக் காவி, ஈரம் பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியதில் சுண்ணாம்பு. மூட்டைக்கு ஒரு தீற்றல் போதும், எழுத்து வேண்டாம் என்றார். "நீ எழுதி என்னடா, இவிங்க படிக்கவா போறாங்க?" என்று சுமைதூக்குகிறவர்களைக் காட்டினார்.

அன்று முழுவதும் தீற்றினேன். ஒரு எழுத்தும் தெரியாத ஆட்கள், நிறத்தைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் மூட்டையைத் தூக்கி, போக வேண்டிய லாரிக்குச் சரியாகக் கொண்டுபோனார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. மண்டிக்காரரின் மூளையை நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டேன். இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் வந்திருக்காது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.