பாதி வழியில் இறக்கிய பால்குடம்

என் இடது முழங்கால் கடைசியாக நேராக நீண்டு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. நீண்டிருந்தது கொஞ்ச காலம்தான். அதையும் என் வீட்டார் பக்தியில் செலவழித்துவிட்டார்கள்.

எனக்குப் பிறவியிலேயே இரத்தம் எளிதில் உறையாது. அடிபட வேண்டியதில்லை, மூட்டுக்குள் தானாகவே கசியும். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில், ஈப்போ நகரில் குமாஸ்தாவாக இருந்தபோது, அந்த முழங்கால் மூன்றாவது முறையாக வீங்கியது. ஆஸ்பத்திரியில் கசிவை நிறுத்தி அனுப்பினார்கள். அம்மா என்னைத் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு அழைத்துப்போய், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கப்போட்டாள். மடங்கியிருந்தால் வலிக்கவில்லை. இரண்டு மாதம் அப்படியே கிடந்தேன். எழுந்தபோது கால் நீளவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மையார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். முழங்காலின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கயிறு மாதிரித் தட்டுப்படுதெல்லே, இது தசைநாண். மடக்கியே வச்சிருந்ததாலை சுருங்கிப் போச்சு. முதல்லை அந்தத் தலாணியை எடுத்து எறியுங்கோ, தம்பி."

அவர் தந்த பயிற்சி இது: குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. தொடையை இறுக்கி, முழங்காலைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். வேளைக்குப் பத்து, மூன்று வேளை. மூட்டில் சூடு தெரிந்தால் உள்ளே மறுபடி கசிகிறது என்று அர்த்தம், நிறுத்திவிட வேண்டும்.

அக்கா புருஷன் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். "படுத்துக்கிட்டே பந்து ஆடுறியே மச்சான், எத்தன கோல் போட்ட லா?"

துண்டை எடுத்துவிட்டு, முழங்காலுக்கும் பாய்க்கும் நடுவே விரல்களை நுழைத்து அளப்பேன். முதலில் நான்கு விரல் போனது. மாதங்கள் கழித்து ஒரு விரல்கூடப் போகவில்லை. அம்மாவிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

"கால் நீண்டா நீ தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பேன்னு வேண்டியிருக்கேன் ஐயா."

அம்மையாரிடம் கேட்டேன். "வெறுங்காலோடை, பாரத்தோடை, அவ்வளவு தூரமோ? இன்னும் ஆறு மாதம் போகட்டும்."

அம்மாவிடம் சொன்னேன். "சாமிகிட்ட ஆறு மாசம் தவணை கேக்கவா? அந்தம்மாவா வேண்டிக்கிட்டாங்க?" என்றாள். அன்றே ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் தொடங்கிவிட்டாள். பெற்றவள் பட்டினி கிடக்கும் வீட்டில் தசைநாணைப் பற்றி யாரிடம் பேசுவது?

தைப்பூசத்தன்று தார் ரோடு கொதித்தது. பாதி வழியில் சூடு தெரிந்தது, ரோட்டில் அல்ல, மூட்டுக்குள். நின்றேன்.

"இன்னும் கொஞ்சந்தான் மச்சான், நட லா," என்றார் அக்கா புருஷன்.

குடத்தைச் சாலையோரம் இறக்கி வைத்தேன். கூட வந்தவர்கள் பார்த்தது குடத்தைத்தான், என் காலை அல்ல. சாயங்காலத்துக்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் லயத்து வீடு. அதன்பின் எத்தனை துண்டு சுருட்டியும் முழங்காலுக்கும் பாய்க்கும் நடுவே இருந்த இடைவெளி மூன்று விரலுக்குக் கீழே இறங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அன்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு சொன்னாள்: "பாதியில எறக்கி வெச்சியே, அதான் இப்படி. மிச்சத்த அடுத்த வருசம் முடிச்சிரு ஐயா, கால் நீண்டுரும்."

சொல்லிக்கொண்டே தலையணையை எடுத்து முழங்காலுக்கு அடியில் கொடுத்தாள். உடனே வலி குறைந்தது. எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.