ஓரகத்தியின் கம்ப்யூட்டர்

என் ஓரகத்தியின் கம்ப்யூட்டர் நிறுத்தினால் நிற்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தாலும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவள் என் கொழுந்தனின் மனைவி, ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண்; என் வீட்டுக்காரரை அவர்கள் ஊர் வழக்கப்படி ‘பாவா’ என்றுதான் கூப்பிடுவாள். திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் மாமியார் மிக்ஸியைக்கூட நிறுத்தச் சொல்வார். "அவ மீட்டிங்ல கீறா" என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார். எத்தனையோ வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிறேன். நான் சட்னி அரைக்கிறேன் என்று யாரும் யாரையும் வாயை மூடச் சொன்னதில்லை.

அந்த மெஷினுக்கு வந்த நோய் விசித்திரமானது. திரையில் நிறுத்தச் சொன்னால் ஒழுங்காக அணையும். விசிறிச் சத்தமும் அடங்கும். அப்பாடா என்று எழுந்தால், தானாகவே மறுபடி ஓட ஆரம்பிக்கும். கடைசியில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஆபீஸ்காரர்கள் போனில் சொன்னதையெல்லாம் செய்தாள். மவுஸைக் கழற்றினாள், கீபோர்டைக் கழற்றினாள், எதையோ அப்டேட் போட்டாள். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் கொழுந்தன் வயரை மாற்றிப் பார்த்தார். "போன உசுரு திரும்பி வந்துகினே கீதே" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். "போங்க பாவா" என்றாள் அவள், அழாத குறையாக.

மாமியார்தான் காரணம் கண்டுபிடித்தார். "எவ கண்ணோ பட்டுட்ச்சி. நல்லா ஓடிகினு இருந்தது இப்டி ஆவுமா?" சொல்லிவிட்டு, சுற்றிப் போட உப்பும் மிளகாயும் எடுக்க என்னைத் தாண்டிப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண் வைக்க அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

சுற்றிப் போட்டும் மெஷின் அடங்கவில்லை. மறுநாள் மத்தியானம், "அக்கா, கொஞ்சம் டார்ச் புடிக்கறீங்களா?" என்று கூப்பிட்டாள். போய்ப் பிடித்தேன். ஆன் செய்யும் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே போனது முழுசாக வெளியே வரவில்லை.

"இது பாதியில மாட்டிகினு, தானா அமுங்குது போலக்கா."

தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி ஓரத்தில் நெம்பினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. சந்தனம்.

டார்ச் வெளிச்சம் சுவருக்குப் போய்விட்டது. ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது மூத்த மருமகள் வேலை. போன வாரம்தான் கேஸ் அடுப்பு, மிக்ஸி, பைக் என்று முடித்துவிட்டு அவள் அறைக்கும் போனேன். அந்தக் கறுப்புப் பெட்டியில் நெற்றி மாதிரி தெரிந்தது அந்தப் பொத்தான்தான். ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினேன். மனசாரத்தான் வைத்தேன். யார் நம்புவார்கள்? பொறாமையில் வேண்டுமென்றே செய்தாள் என்று ஆகிவிட்டால், அப்புறம் எந்த முகத்தோடு இவர்களுக்குச் சோறு போடுவேன்?

அவள் பொடியைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். கூடத்திலிருந்து மாமியார் கேட்டார்: "இன்னாம்மா, தெரிஞ்சிதா?"

"ஆங், அத்தை. தூசி அடச்சிகினு இருந்திச்சி."

சந்தனத்தை உள்ளங்கையில் தட்டி ஜன்னல் வழியாக ஊதிவிட்டாள். மெஷினை நிறுத்தினாள். நின்றது.

"என் மருமவளுக்குத் தெரியாதது எதுனா கீதா!" என்றார் மாமியார்.

நன்றியில் நெஞ்சு அடைத்தது என்று எழுதினால் அது பொய். அடுப்படிக்குத் திரும்பி வந்தபோது வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், முகத்தையாவது சுளித்திருந்தால், அவளைப் பிடிக்காததற்கு ஒரு காரணமாவது என் கையில் இருந்திருக்கும். அதையும் அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.