பின்பக்கத்து வாழைக்கு என்ன பெயர்

சந்தவாசல் பேருந்திலிருந்து என் மாமனார் இறங்கி வந்த கோலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டியெல்லாம் சேறு, கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு வாழைக்கன்று. நண்பர் தன் நிலத்து வரப்போரத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்தாராம். என்ன வாழை என்று கேட்பதற்குள் பேருந்து வந்துவிட்டதாம். பிறகு போனில் கேட்டால், எப்போதோ யாரோ நட்டது, எனக்கும் தெரியாது என்று நண்பரும் கையை விரித்துவிட்டார்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் நிறம் சேர்த்துச் சொல்வதுதான் மாமாவின் வேலையாக இருந்தது. சேலைக்கு இந்த நிறம் என்றால் கரைக்கு எது எடுபடும் என்று அவரைத்தான் கேட்பார்கள். வேலையை விட்டு நின்ற பிறகு மனிதர் அடங்கிப்போனார். சாப்பிடுவார், நாற்காலியில் உட்காருவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அவரை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது. என் மாமியாருக்குத்தான் கவலை அதிகம். ஆனால் அத்தைக்குக் கவலையும் திட்டாகத்தான் வெளியே வரும். வண்டிக்குக் கொட்டகை போட வைத்திருந்த பின்பக்கத்துத் துளி இடத்தில் கன்றை நட்டதும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பழம் தின்கிற வாழையாக இருந்தால் இருக்கலாம், கறிக்காய் மொந்தனாக இருந்தால் வெட்டிப் போடுவேன் என்பது தீர்ப்பு.

அன்றிலிருந்து மாமாவுக்கு வேலை கிடைத்தது. தண்டில் செம்மை தட்டியதும், பழைய பட்டுநூல் சாம்பிள் கட்டை எடுத்துவந்து வெயிலில் ஒவ்வொரு நூலாகத் தண்டின்மேல் வைத்துப் பார்த்தார். "சுத்தமான அரக்கு. செவ்வாழைதான்" என்றார். தெருவில் பாதிப் பேருக்குக் கன்று தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். குலை தள்ளியது. காய்கள் பச்சைப் பசேலென்று இருந்தன. சிவக்கும் என்று காத்திருந்தார். செவ்வாழை பிஞ்சிலேயே சிவப்பாக இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது முகம் தொங்கிப்போனது. மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

பழம் மஞ்சளாகப் பழுத்தது. லேசான புளிப்போடு அப்படி ஒரு தித்திப்பு. மொந்தன் இல்லை என்று ஆனதும், பக்கக்கன்றுகள் பிழைத்தன. கொட்டகைப் பேச்சை அத்தை அப்புறம் எடுக்கவில்லை. வண்டி இன்றும் வெயிலில்தான் நிற்கிறது. மார்க்கெட் பழக்கடைக்காரர் பூவன் என்றார். பெரணமல்லூர் உறவினர் ரஸ்தாளி என்று சத்தியம் செய்தார். கைப்பேசியில் படம் எடுத்துத் தேடினால் 'வாழை' என்று வந்தது. அது எங்களுக்கே தெரியும். ஒவ்வொருவர் சொன்னதையும் மாமா சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவந்து எங்களோடு வாதாடினார். வீட்டில் மறுபடியும் அவர் குரல் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் தோட்டக்கலை படித்த என் தம்பி ஊரிலிருந்து வந்தான். மாமா மார்க்கெட் போயிருந்தார். தம்பி இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தான், ஒரு பழத்தை உரித்து முகர்ந்தான், இதுதானா என்று சிரித்தபடி வாயைத் திறந்தான். அதற்குள் அத்தை பழத்தட்டை அவன் முன்னால் நீட்டினார்.

"சாப்புடுங்க தம்பி. பேர மட்டும் சொல்லிடாதீங்க. இத்தத் தேடிகினு இருக்கறதாலதான் அவரு நல்லா இருக்காரு."

சற்று நேரத்தில் மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகத் தம்பியிடம் போய்க் கேட்டார். தனக்கும் பிடிபடவில்லை என்றான் அவன்.

"படிச்ச உனுக்கே தெரிலயா?" என்றார் மாமா. முகமெல்லாம் சிரிப்பு. வந்த வேகத்திலேயே மறுபடி தெருவில் இறங்கிவிட்டார்.