ஞானமலர் எறிந்த பந்து

என் அம்மா ஞானமலரை 2009 நவம்பரில் ஹம்பேர்க்கில் அடக்கம் செய்தோம். குடலில் புற்றுநோய். பூசையில் குருவானவர் அவரை நல்ல தாய், நல்ல மனைவி என்றார். இரண்டும் உண்மை. அவர் ஒரு விளையாட்டுக்காரி என்பதை யாரும் சொல்லவில்லை.

மன்னாரில் பள்ளிக்கூட எல்லே அணியில் இருந்தவர். எல்லேயில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். ஓடுகிறவரின் உடம்பில் பந்து படும்படி எறிந்தால் அவர் ஆட்டமிழப்பார்.

"கோபத்தில கரண்டியை எறிஞ்சாலும் உங்கட அம்மாவுக்குக் குறி பிசகாது. அதாலதான் நான் வாய் திறக்கிறேல்லை" என்பார் அப்பா.

இங்கே அம்மா பல்கலைக்கழக உணவகத்தில் தட்டுகளில் உருளைக்கிழங்கு போட்டார். வரிசையில் நின்ற மாணவர்களில் ஒருத்திதான் அவர் பெயரைக் கேட்டாள். அவள் அன்னா, பெண்கள் சொஃப்ட்போல் அணியின் தலைவி. அதுவும் எல்லே போலப் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம். பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்களும் பயிற்சிக்கு வரலாம் என்றாள். நாற்பத்தைந்து வயதில் அம்மா போனார்.

"கிழவி ஓடப் போறா, எல்லாரும் விலத்தி நில்லுங்கோ" என்றார் அப்பா.

"ஓம், முதல்ல நீங்கள் விலத்துங்கோ. எனக்கு ரயிலுக்கு நேரமாகுது."

வீட்டில் அவர் எங்களுக்கு அம்மா, அப்பாவுக்கு "இஞ்சேர்". மைதானத்தில் மலர். பயிற்சி இருந்த வியாழக்கிழமைகளில் அவர் வேறு மாதிரி நடந்தார்.

ஒரு வியாழன், அணியை இரண்டாகப் பிரித்து ஆடினார்கள். பயிற்சிதானே என்று யாரும் தலைக்கவசம் போடவில்லை. எதிர்ப்பக்கம் இருந்த அன்னா பந்தை அடித்துவிட்டு ஓடினாள். பந்து அம்மாவிடம் வந்தது. சொஃப்ட்போலில் அதை, ஓடுகிறவர் போய்ச் சேர வேண்டிய தளத்தில் நிற்கும் தோழிக்கு எறிய வேண்டும். அம்மாவுக்கு அது தெரியும். பல மாதங்கள் அப்படித்தான் எறிந்தார். அன்று ஆட்டத்தின் கடைசிக் கட்டம். எல்லோரும் கத்தினார்கள். அம்மாவின் கை மன்னாருக்குப் போய்விட்டது. பந்து எங்கே என்று அன்னா திரும்பிப் பார்த்தாள்.

எல்லேக்கு டெனிஸ் பந்து. சொஃப்ட்போல் பந்து அதைவிட மூன்று மடங்கு பாரம், இறுக்கமும் அதிகம். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். அந்தக் கணக்கைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. அன்னாவுக்கு இடது கண் பார்வை போனது.

கோடை விடுமுறை முடிந்து அன்னா உணவக வரிசையில் வந்து நின்றாள். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னார்: "'வியாழன் வா மலர், உன்னைப் பாத்துக்கொண்டிருக்கிறம்' எண்டவள். ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

நானும் கூடப் போனேன். முதல் பந்து அம்மாவிடம் வந்தது. பிடித்தார். எறியவில்லை. கையில் வைத்தபடி தளம்வரை ஓடினார். அடுத்த பந்தையும் அப்படியே கொண்டு ஓடினார். பகிடி என்று நினைத்து மாணவிகள் சிரித்தார்கள். அன்னா சிரிக்கவில்லை.

"எறியுங்கோவன் அம்மா" என்று கத்தினேன்.

மூச்சு வாங்க என்னிடம் வந்தார். "ஏலாது தம்பி. கை விடுகுதில்லை."

கையுறையைக் கழற்றி அன்னாவிடம் கொடுத்தார். பிறகு போகவே இல்லை. வியாழக்கிழமைகளில் உணவகத்தில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடக்கத்துக்கு அன்னா தனியாக வந்தாள். குழிக்குள் மண் போட அவளுடைய முறை வந்தது. ஒரு கண்ணால் தூரம் பிடிபடாது. அவள் எறிந்த மண் விளிம்பிலேயே விழுந்தது. நான் குனிந்து அதைக் கையால் வழித்து உள்ளே தள்ளினேன்.